ஒன்பதாவது இன்னிங்ஸ்ல நாலு அவுட்: பேஸ்பால் கமிஷனருக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் கமிஷனர் திரு. ராப் மேன்ஃப்ரெட் அவர்களுக்கும், அங்க ரெக்கார்டு புத்தகத்த பாத்துக்கிறவங்களுக்கும்,

நான் மிச்சிகன்ல நோவைங்கிற ஊர்ல இருக்கேன். இங்க பசங்க லீக்ல ஸ்கோர் புக் எழுதுற அம்மாக்கள்ல நானும் ஒருத்தி. சம்பளம் எதுவும் கிடையாது, ஒரு மடக்கு நாற்காலி, ரெண்டு பென்சில், ஒரு ரப்பர், அவ்வளவுதான். கிரிக்கெட் பாத்து வளந்தவ நான், பையன் டீம்ல சேந்தப்போ யாராவது ஒரு பேரன்ட் ஸ்கோர் எழுதியே ஆகணும்னு கோச் சொன்னார், யாரும் கை தூக்கல, நான் தூக்கினேன். பேஸ்பால நான் கத்துக்கிட்டதே அந்த கட்டம் கட்டமா இருக்கிற பேப்பர்லதான்.

இப்போ புதுசா ஸ்கோர் எழுத வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கிறேன். எல்லாருக்கும் கடைசி பயிற்சியா ஒரே மேட்ச்சத்தான் குடுப்பேன், 2010 ஜூன் 2, டெட்ராய்ட் டைகர்ஸும் கிளீவ்லாந்தும் கொமெரிக்கா பார்க்ல ஆடினது. வீடியோவ போட்டுட்டு, கமென்ட்ரிய மியூட் பண்ணிட்டு, கண்ணால பாக்கிறத மட்டும் எழுதுங்கன்னு சொல்லுவேன். போன மாசம் பன்னண்டு வயசு பொண்ணு ஒருத்தி எழுதி முடிச்சிட்டு பேப்பரோட வந்து நின்னா. "ஆன்ட்டி, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல எனக்கு நாலு அவுட் வருது, மூணுதானே வரணும், எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல." நீ தப்பே பண்ணலம்மா, சரியாத்தான் எழுதியிருக்கன்னு சொன்னேன். அவ ஃபோன எடுத்து உங்களோட பெர்ஃபெக்ட் கேம் லிஸ்ட்ட மேலருந்து கீழ வரைக்கும் தேடிப் பாத்துட்டு, "இவர் பேரு இதுல இல்லையே, அப்போ நான் எழுதினது தப்புதானே"ன்னு கேட்டா. எனக்கு பதில் சொல்லத் தெரியல. அந்த பதிலத்தான் உங்ககிட்ட கேக்கிறேன்.

அந்த ராத்திரி நாங்க மூணு பேரும் ஸ்டேடியத்துல இருந்தோம், நானும் எங்க வீட்டுக்காரரும் ஒன்பது வயசு பையனும். இத படிக்கிற நம்ம ஆளுங்களுக்காக ஒரு வரி சொல்லிடுறேன், பெர்ஃபெக்ட் கேம்னா ஒன்பது இன்னிங்ஸ்ல 27 பேட்டர் வரணும், 27 பேருமே ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்காம திரும்பிப் போகணும், ஹிட் (அடிச்சு பேஸ்ல நிக்கிறது) கிடையாது, வாக் (நாலு பந்து தப்பாப் போட்டா சும்மா கிடைக்கிற பேஸ்) கிடையாது, ஃபீல்டர் தப்பு பண்ணிக் கூட ஒருத்தர் நின்னுடக் கூடாது. நூத்து அம்பது வருஷத்துக்கு கிட்ட ரெண்டு லட்சத்துக்கு மேல மேட்ச் நடந்திருக்கு, உங்க கணக்குப்படி இது 24 தடவதான் நடந்திருக்கு, கடைசியா 2023 ஜூன் 28-ல டொமிங்கோ ஹெர்மான் போட்டது. அன்னைக்கு டைகர்ஸ்க்கு பந்து எறியிற பிட்சரா இருந்தவர் அர்மாண்டோ கலராகா, வெனிசுலாக்காரர், 28 வயசு, ரெண்டு மூணு வாரம் முன்னாடி வரைக்கும் டொலிடோல மைனர் லீக்ல இருந்தவர். அவர யாரும் பெரிய பிட்சர்னு சொன்னதில்ல. எட்டு இன்னிங்ஸ் முடிஞ்சு 24 பேர் அவுட், பக்கத்து சீட்டுல இருந்தவங்க யாரும் "பெர்ஃபெக்ட்"ங்கிற வார்த்தையவே வாயில எடுக்கல, சொன்னா கண்ணு பட்டுடும்னு இங்கயும் ஒரு நம்பிக்கை இருக்கு.

ஒன்பதாவதுல முதல் ஆள் அடிச்சதே சென்டர் ஃபீல்டோட ஆழத்துக்குப் போச்சு, போச்சுடா எல்லாம்னு நெனச்சேன், ஆஸ்டின் ஜாக்சன் முதுகக் காட்டிக்கிட்டே ஓடி தோளுக்கு மேல அத பிடிச்சார். ரெண்டாவது ஆள் ஷார்ட்ஸ்டாப் கிட்ட அடிச்சு அவுட். 27-ஆவது ஆள் ஜேசன் டொனால்ட். வலது பக்கமா தரையோட உருண்டு போற ஒரு கிரவுண்டர், ஃபர்ஸ்ட் பேஸ்மேன் மிகெல் கப்ரேரா பேஸ விட்டு வெளிய போய் எடுத்து, பேஸுக்கு ஓடி வந்த கலராகா கிட்ட எறிஞ்சார், பந்து கிளவுஸ்குள்ள, கால் பேஸ் மேல, டொனால்ட் இன்னும் ஒரு எட்டு பின்னாடி. ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு நம்பர் 3, பிட்சருக்கு நம்பர் 1, அதனால நான் கட்டத்துல 3-1னு எழுதிட்டேன். அன்னைக்கு பாத்து பென்சில் முனை ஒடஞ்சு போச்சு, பேனாவுல எழுதிட்டிருந்தேன். தலைய நிமித்திப் பாத்தா அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ரெண்டு கையையும் விரிச்சு சேஃப், அதாவது அவுட் இல்லன்னு காட்டிட்டு நிக்கிறார்.

கலராகா ஒண்ணும் பேசல, சும்மா சிரிச்சார். திரும்பிப் போய் பிட்சர் நிக்கிற மேட்டுல நின்னு அடுத்த ஆள் ட்ரெவர் குரோவ அவுட் ஆக்கி மேட்ச்ச முடிச்சார். 88 பந்து, ஒரு மணி நேரம் 44 நிமிஷம், 3-0. பையன் என் கைய பிடிச்சு இழுத்து "அம்மா அவுட்டுதானே, நீ அவுட்டுன்னுதானே எழுதின"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அந்த ஸ்கோர்கார்டு இன்னும் என்கிட்ட இருக்கு. 3-1 மேல ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு பக்கத்துல சிங்கிள்னு, அதாவது ஃபர்ஸ்ட் பேஸ் வரைக்கும் போன ஹிட்டுன்னு, எழுதியிருக்கேன், ரெண்டு தடவ அழுத்தி எழுதினதுல பேப்பர் கிழிஞ்சு பின்னாடி பக்கம் தெரியும்.

ஜாய்ஸ் பத்தி ஒரு குறை கூட நான் சொல்ல மாட்டேன். மேட்ச் முடிஞ்சதும் ரூமுக்குப் போய் வீடியோவ பாத்துட்டு, நான்தான் தப்பு பண்ணேன், அந்தப் பையனோட பெர்ஃபெக்ட் கேம நான்தான் கெடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டார், கலராகாவ கட்டிப் பிடிச்சு மன்னிப்பு கேட்டார். அடுத்த நாள் மத்தியானம் ஜாய்ஸ் பிளேட்டுக்குப் பின்னாடி நிக்கிற முறை, டைகர்ஸ் லைனப் கார்ட (ஆடுறவங்க பேர் பட்டியல்) கலராகாவே கொண்டு போய் அவர் கையில குடுத்தார், ஜாய்ஸ் கண்ணத் துடைச்சுக்கிட்டே வாங்கினார். மிச்சிகன் கவர்னர் ஜெனிஃபர் கிரான்ஹோம் இது பெர்ஃபெக்ட் கேம்தான்னு ஒரு பிரகடனமே போட்டாங்க. தப்பு பண்ணவர் ஒத்துக்கிட்டார், பாதிக்கப்பட்டவர் மன்னிச்சிட்டார், வீடியோ சாட்சி இருக்கு. உங்க ஆபீஸ் மட்டும்தான் பாக்கி. அன்னைக்கு கமிஷனரா இருந்த பட் சீலிக் தீர்ப்ப மாத்தல, அவருக்கு அப்புறம் 2015-ல நீங்க வந்தீங்க, நீங்களும் மாத்தல.

ஒண்ண மாத்தினா எல்லாத்தையும் மாத்தச் சொல்லி வருவாங்கன்னு சொல்வாங்க. ஒரு ஸ்கோரரா இதுக்கு மட்டும் என்னால பதில் சொல்ல முடியும், தயவுசெஞ்சு பென்சில கையில வச்சிட்டு படிங்க. பொதுவா ஒரு தப்பான தீர்ப்ப திருத்தினா அதுக்கப்புறம் நடந்த எல்லாம் கலைஞ்சு போயிடும், அப்போ ரன்னர் எங்க நிப்பான், அடுத்த பந்து என்ன ஆயிருக்கும், யாருக்கும் தெரியாது, அது நியாயமான கவலை. ஆனா இந்த மேட்ச்ல அந்த தீர்ப்புக்கு அப்புறம் ஒரே ஒரு ஆள்தான் வந்தார், அவரும் அவுட். ரன் மாறாது, வெற்றி தோல்வி மாறாது, கலராகாவோட ஒன்பது இன்னிங்ஸ் கூட மாறாது. மாறப் போறது ரெண்டே ரெண்டு கட்டம், டொனால்டுக்கு ஒரு சிங்கிள் குறையும், குரோவுக்கு ஒரு அவுட் காணாமப் போகும். இதே மாதிரி வேற கேஸ் எத்தன இருக்குன்னு உங்க ஆளுங்களையே தேடச் சொல்லுங்க, கூட்டமெல்லாம் வராது.

எழுதினது எழுதினதுதான்னு நீங்க சொல்ல முடியாது, ஏன்னா நீங்களே திருத்தியிருக்கீங்க. ஹேக் வில்சன் 1930-ல சிகாகோ கப்ஸ்க்கு 190 ஆர்பிஐ (அவர் அடிச்சதால டீமுக்கு வந்த ரன்) எடுத்தார்னு புத்தகத்துல இருந்துச்சு, ஒரு மேட்ச்ல அவருக்கு சேர வேண்டிய ஒண்ண கூட ஆடின சார்லி கிரிம் பேர்ல எழுதிட்டாங்கன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க, 1999-ல அத 191-னு மாத்தினீங்க. 69 வருஷம் கழிச்சு. வில்சன் இறந்தே அம்பது வருஷம் தாண்டிடுச்சு. அப்போ கமிஷனர் யாரு, அதே பட் சீலிக். 1983 ஜூலை 24-ல ஜார்ஜ் பிரெட் அடிச்ச ஹோம் ரன்ன, பேட்டுல பைன் தார் (பிடி வழுக்காம இருக்க தடவுற பிசின்) அதிகமா தடவியிருக்குன்னு அம்பயருங்க செல்லாதுன்னாங்க, நாலு நாள்ல லீக் பிரசிடென்ட் லீ மேக்ஃபெயில் அத மாத்தி ஹோம் ரன் செல்லும்னார், ஆகஸ்ட் 18-ல விட்ட இடத்துலருந்து மேட்ச்ச ஆடி முடிச்சாங்க. அது ரூல் சம்பந்தப்பட்டது, இது அம்பயர் கண்ணால பாத்து சொன்னது, ரெண்டும் வேறன்னு சொல்வீங்க, சரி, வேறதான். ஆனா 2014-லருந்து அம்பயர் கண்ணால பாத்து சொன்னதையும் நியூயார்க்ல ஒரு ரூம்ல உக்காந்து வீடியோ பாத்து தெனம் மாத்துறீங்களே. அந்த முறைய இவ்ளோ பெருசா கொண்டு வர்றதுக்கு இந்த மேட்ச்சும் ஒரு காரணம்னு எல்லாருக்கும் தெரியும். பாடத்த எடுத்துக்கிட்டீங்க, பாடம் குடுத்தவர் பேர விட்டுட்டீங்க.

நான் ஒண்ணு சொல்லணும், இத இதுவரைக்கும் வெளிய எழுதினதில்ல. என் பையன் பதினோரு வயசுல ஷார்ட்ஸ்டாப் ஆடினான். ஒரு சனிக்கிழமை மேட்ச், அவன் டீம் பிட்சர் ஒரு சின்னப் பையன், ஒல்லியா இருப்பான், அதிகம் பேச மாட்டான். அஞ்சாவது இன்னிங்ஸ்ல ஒரு சாதாரண கிரவுண்டர் நேரா என் பையன் கிட்ட வந்துச்சு, கால் நடுவுல போயிடுச்சு. அது எரர், ஃபீல்டரோட தப்பு, பாத்த எல்லாருக்கும் தெரியும், ஷார்ட்ஸ்டாப் நம்பர் போட்டு இ-6னு எழுதணும். என் கை போகல. பையன் அங்க நின்னு மண்ண உதைச்சிட்டிருந்தான், முகம் செவந்து போச்சு, நான் அத ஹிட்னு எழுதிட்டேன். ஆறு இன்னிங்ஸ் முடிஞ்சு பாத்தா அந்த பிட்சர் பையனுக்கு எதிரா அந்த மேட்ச் பூரா இருந்தது அந்த ஒரே ஹிட். அவனோட தாத்தா வந்து புத்தகத்த வாங்கிப் பாத்தார், விரல அந்த கட்டத்து மேல கொஞ்ச நேரம் வச்சிருந்தார், ஒண்ணும் சொல்லாம திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. மூணு நாள் தாங்கினேன், நாலாவது நாள் கோச்ச கூப்பிட்டு நான் தெரிஞ்சே தப்பா எழுதிட்டேன்னு சொல்லி, அவர் முன்னாடியே ரப்பர் போட்டு அழிச்சு இ-6னு எழுதினேன். அடுத்த மேட்ச்சுக்கு முன்னாடி அந்தப் பையன கூப்பிட்டு புத்தகத்த காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பாத்தான், அப்புறம் ஃபோட்டோ எடுத்துக்கலாமான்னு மட்டும் கேட்டான். என் பையனும் பக்கத்துல நின்னான், ஒரு வார்த்தை என் மேல கோவப்படல.

அதனால திருத்துறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், அது எவ்வளவு சின்ன வேலைன்னும் தெரியும். நாலு நாள்ல செஞ்சிருக்க வேண்டிய வேலை இது.

அடுத்தது ஹார்வி ஹேடிக்ஸ். இவர் கேஸ் வேற மாதிரி, இதுல அம்பயர் தப்பு எதுவும் இல்ல, தப்பு உங்க கமிட்டியோடது. 1959 மே 26, மில்வாக்கி கவுன்டி ஸ்டேடியம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பிட்சர் ஹேடிக்ஸ் சளி ஜுரத்தோடதான் மேட்டுல ஏறினார், எதிர்ல ஹேங்க் ஆரன், எடி மேத்யூஸ்னு ஆடின பிரேவ்ஸ். ஒன்பது இன்னிங்ஸ் 27 பேரு 27 அவுட். வேற எந்த நாளா இருந்தாலும் அதோட வரலாறு எழுதி மூடியிருப்பாங்க. ஆனா அவர் டீம் 12 ஹிட் அடிச்சும் லூ பர்டெட் கிட்ட ஒரு ரன் எடுக்க முடியல. அதனால பத்தாவது போட்டார், பதினொண்ணு போட்டார், பன்னண்டு போட்டார். 36 பேர், வரிசையா 36 அவுட். அதுக்கு முன்னாடி யாரும் செஞ்சதில்ல, அதுக்கு அப்புறமும் இல்ல. பதிமூணாவதுல தேர்ட் பேஸ்மேன் டான் ஹோக் எறிஞ்சது தப்பாப் போய் ஒரு ஆள் பேஸ்ல நின்னார், கடைசியில ஜோ ஆட்காக் அடிச்சது வேலிக்கு வெளிய போச்சு, பர்டெட் ஜெயிச்சார், ஹேடிக்ஸ் தோத்தார்.

அப்போ பேஸ்ல நின்ன ஆரன் மேட்ச் முடிஞ்சதுன்னு நெனச்சு பாதியிலயே பேஸ விட்டுட்டு நடந்துட்டார், பின்னாடி வந்த ஆட்காக் அவர தாண்டிட்டார். ஸ்கோர் என்னங்கிறதுல ஒரே குழப்பம், அன்னைக்கு அம்பயருங்க 2-0னு சொன்னாங்க, அடுத்த நாள் லீக் பிரசிடென்ட் வாரன் ஜைல்ஸ் இது ஹோம் ரன் இல்ல டபுள்தான் (ரெண்டு பேஸ் ஹிட்), ஸ்கோர் 1-0னு திருத்தினார். மறுநாள் ஆபீஸ்ல உக்காந்து பென்சில் எடுத்து திருத்தியிருக்காங்க, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல.

32 வருஷம் ஹேடிக்ஸ் பேரு லிஸ்ட்ல இருந்துச்சு. 1991 செப்டம்பர்ல கமிஷனர் ஃபே வின்சென்ட் தலைமையில புள்ளிவிவர கமிட்டி கூடி, நோ-ஹிட்டர்னா ஒன்பது இன்னிங்ஸோ அதுக்கு மேலயோ போட்டு, மேட்ச் முடியுற வரைக்கும் ஹிட்டே குடுக்காம இருக்கணும்னு புதுசா ஒரு வரையறை எழுதினாங்க, அத பழைய மேட்ச்சுங்களுக்கும் சேத்துப் போட்டாங்க. அம்பது பேர் கிட்ட ஒரே நாள்ல காணாமப் போனாங்க. ஹேடிக்ஸ் உயிரோட இருந்தார், பேர எடுத்தத அவரே பாத்தார், 1994 ஜனவரியில இறந்துட்டார். மத்தவங்களுக்கு 27 போதும், இவருக்கு மட்டும் 36 பத்தலன்னு சொல்றீங்க. இத எந்தப் பையனுக்கும் என்னால விளக்க முடியல.

அதே கூட்டத்துல, அதே மேசையில, ராஜர் மாரிஸ் 1961-ல அடிச்ச 61 ஹோம் ரன்ன சீசன் நீளத்த வச்சு தனியா பிரிச்சு வச்சிருந்தாங்களே, அந்த பாகுபாட்ட எடுத்து ரெக்கார்டு முழுசா அவருக்குன்னு சொன்னாங்க. மாரிஸ் 1985-லயே இறந்துட்டார். இருந்தாலும் அது சரியான முடிவு, நான் கை தட்டுவேன். ஒருத்தருக்கு நியாயம் பண்ண அதே கை இன்னொருத்தர் பேர அடிச்சது.

ஆண்டி ஹாக்கின்ஸ் 1990 ஜூலை 1-ல யாங்கீஸ்க்காக சிகாகோல எட்டு இன்னிங்ஸ் ஹிட்டே குடுக்கல, ஃபீல்டருங்க பந்த கோட்டை விட்டு 4-0ல தோத்தாங்க. சொந்த ஊர் டீம் முன்னாடி இருந்ததால ஒன்பதாவது இன்னிங்ஸ் அவங்க ஆட வேண்டிய அவசியமே இல்ல, அவருக்கு போட இன்னிங்ஸே இல்ல. முழு மேட்ச் போட்டார்னு எழுதுறீங்க, தோல்விய அவர் பேர்ல எழுதுறீங்க, ஹிட் குடுக்கலங்கிறத மட்டும் எழுத மாட்டீங்க. பெட்ரோ மார்டினெஸ் 1995 ஜூன் 3-ல மான்ட்ரியாலுக்காக சான் டியாகோல ஒன்பது இன்னிங்ஸ் பெர்ஃபெக்டா போட்டார், அவர் டீம் ரன் எடுத்ததே பத்தாவதுலதான், அந்த இன்னிங்ஸ் முதல் ஆள் டபுள் அடிச்சதால அவர் பேரும் இல்ல. மேடிசன் பம்கார்னர் கேஸ் இன்னும் வருத்தம். கோவிட் சமயத்துல ஒரே நாள் ரெண்டு மேட்ச்னா ஏழு இன்னிங்ஸ் போதும்னு ரூல் போட்டது நீங்க, உங்க காலத்துல. 2021 ஏப்ரல் 25 அட்லாண்டால அந்த ஏழையும் ஹிட் இல்லாம போட்டு 7-0னு முடிச்சார், முழு மேட்ச், ஷட்அவுட் (எதிர் டீமுக்கு ஒரு ரன்னும் குடுக்காதது), வெற்றி எல்லாம் குடுத்தீங்க, நோ-ஹிட்டர் மட்டும் கிடையாதுன்னுட்டீங்க. மேட்ச் எவ்வளவு நீளம்னு முடிவு பண்றது பிட்சர் இல்லையே சார்.

2020 டிசம்பர்ல நீக்ரோ லீக்ஸ மேஜர் லீக்னு அறிவிச்சீங்க, 2024-ல அந்த ஆட்டக்காரங்களோட கணக்க உங்க புத்தகத்துல சேத்தீங்க. இனவெறியால வெளிய நிறுத்தி வச்சவங்க கதை ரொம்ப பெருசு, அத இதோட ஒப்பிடவே மாட்டேன். ஆனா அன்னைக்கு உங்க ஆபீஸ் இந்த புத்தகத்த திறந்து எழுத முடியும்னு உலகத்துக்கே காட்டிச்சு, அதுக்காக உங்க மேல எனக்கு மரியாதை உண்டு, அந்த மரியாதையிலதான் இந்த கடிதம்.

நான் கேக்கிறது இதுதான்.

2010 ஜூன் 2 மேட்ச்ல ஜேசன் டொனால்டோட சிங்கிள எடுத்துட்டு 3-1 அவுட்னு எழுதுங்க, அர்மாண்டோ கலராகா பேர பெர்ஃபெக்ட் கேம் லிஸ்ட்ல, அதுக்கு முன்னாடி கடைசியா போட்ட ராய் ஹேலடேக்கு அடுத்த வரியில சேருங்க. கலராகாவும் ஜாய்ஸும் சேந்து நின்னு பாக்கிற மாதிரி அத இப்பவே செய்யுங்க, ஹேக் வில்சன் மாதிரி 69 வருஷம் ஆக்காதீங்க.

1991 வரையறைய முழுசா தூக்கணும்னு நான் சொல்லல. ஆனா ஒன்பது இன்னிங்ஸ் பெர்ஃபெக்டா போட்டுட்டு அதுக்கப்புறம் இழந்தவங்களுக்கும், ரூல் குடுத்த அத்தன இன்னிங்ஸையும் ஹிட் இல்லாம போட்டவங்களுக்கும் அதிகாரப்பூர்வ புத்தகத்துக்குள்ளயே ஒரு பக்கம் வேணும், அடிக்குறிப்பா இல்ல, தனிப் பக்கமா, பேரு, தேதி, எத்தன பேர வரிசையா அவுட் ஆக்கினாங்கங்கிற கணக்கோட. ஹேடிக்ஸ் 36-னு அதுல முதல் வரியா இருக்கணும்.

இனிமே ஒரு வரையறைய மாத்தினா அது அன்னைக்கு தேதிலருந்துதான் செல்லும், முன்னாடி ஆடினவங்க பேர அழிக்காதுன்னு எழுத்துல குடுங்க.

இதெல்லாம் முடியாதுன்னா, ஏன் முடியாதுன்னு காரணத்த வெளிப்படையா எழுதுங்க, "தீர்ப்பு இறுதியானது"ங்கிற ஒத்த வரி வேண்டாம். அடுத்த சனிக்கிழமை அந்தப் பொண்ணு வருவா. அவ பேப்பர இன்னும் மார்க் போடாம வச்சிருக்கேன்.

பசங்க லீக்ல ஸ்கோர் எழுதுற ஒரு அம்மா
நோவை, மிச்சிகன்